புதுப்பிப்பு: சாவி கையில் இருந்தும் கார் அடையாளம் காணவில்லை – காரணம் கிடைத்துவிட்டது

சாவியைத் துளையில் நுழைக்காமலே, அருகில் இருந்தாலே திறந்து கிளம்பும் கார் என்னுடையது. சாவி சட்டைப்பையில் இருக்கும்போதே கதவு திறக்க மறுக்கிறது, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் சாவி இல்லை என்று திரையில் வருகிறது என மூன்று வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன்.

நீங்கள் சொன்னபடி சாவியின் சிஆர்2032 பேட்டரியை மாற்றினேன், பயனில்லை. காரின் பேட்டரி, இரவு முழுவதும் நின்ற பிறகும் 12.5 வோல்ட் காட்டியது, அதாவது அதில் குறையில்லை. சர்வீஸ் நிலையத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்றச் சொன்னார்கள். மனம் ஒப்பவில்லை. உதிரிச் சாவியும் அதே தொல்லையைத் தந்ததே, இரண்டும் ஒன்றாகவா கெடும்? ரிமோட் பொத்தானும் காரை ஒட்டி நின்றால்தான் வேலை செய்தது. அதுதான் துப்பு. சாவி அனுப்பும் 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ சமிக்ஞை மிக மெல்லியது. அருகில் மின் இரைச்சல் இருந்தால் அமுங்கிவிடும்.

இரைச்சல் வந்தது, கார் நிற்கும்போதும் பதிவு செய்யட்டும் என்று நான் பொருத்திய டாஷ்கேமின் (காரின் முன்கண்ணாடி அருகே வைக்கும் கேமரா) மலிவான பவர் அடாப்டரிலிருந்து! கழற்றினேன், கதவு உடனே திறந்தது. மாட்டினேன், மீண்டும் அடம். மூன்று முறை சோதித்துவிட்டே இதை எழுதுகிறேன். நல்ல அடாப்டர் மாற்றிப் பத்து நாட்களாகிறது, ஒரு முறைகூடத் தவறவில்லை.

வழியில் மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். சாவிக்குள் இருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறக்கலாம். பல கார்களில் சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால் வண்டி கிளம்பும். அப்போது பயன்படும், சாவிக்குள் இருக்கும் சிப்புக்குச் சாவியின் பேட்டரியே தேவையில்லை. அம்மாவுடன் இரவில் நின்றபோது எங்களை வீடு சேர்த்தது இந்த வழிதான்.