கேமிங் லேப்டாப் எடுக்கும்போது 1200பி திரையா, 1600பி திரையா? தெரிந்ததைப் பகிருங்கள்

#1
16 அங்குலத்தில் இப்போது பெரும்பாலும் கிடைப்பவை 1920×1200, 2560×1600 இரண்டும்தான். முதலாவதில் சுமார் 23 லட்சம் பிக்சல், இரண்டாவதில் 41 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) 1.78 மடங்கு வரைய வேண்டும். எஃப்பிஎஸ்ஸும் (விநாடிக்கு வரும் ஃபிரேம்கள்) அதே கணக்கில் இறங்கிவிடும் என்று பயப்பட வேண்டாம். புராசஸர்தான் முட்டுக்கட்டை என்கிற ஸ்ட்ராட்டஜி கேம்களில் வித்தியாசம் கொஞ்சம்தான். ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம்போலக் கணக்கிடும் வசதி) போட்ட ஓபன் வேர்ல்டு கேம்களில்தான் அடி பலமாக விழும்.

என்விடியா ஆர்டிஎக்ஸ் 4050 மாதிரி 6 ஜிபி வி-ரேம் (ஜிபியுவின் சொந்த நினைவகம்) என்றால் 1200பி எடுங்கள். 8 ஜிபி உள்ள 4060, 4070-க்கு 1600பி தாராளமாக எடுக்கலாம், டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படத் தரம்) ஒரு படி இறக்கத் தயாராக இருந்தால். 12 ஜிபிக்கு மேல் என்றால் 1600பிதான், யோசிக்கவே வேண்டாம். 4கே வேண்டாம்: 83 லட்சம் பிக்சலை 16 அங்குலத்துக்குள் அடைத்து, கேமில் அதை நேட்டிவாக (திரையின் முழு பிக்சல் அளவில்) ஓட்ட ஜிபியு திணறும்.

#2
மேலே விட்டுப்போனது டிஎல்எஸ்எஸ்: குறைந்த பிக்சலில் வரைந்து, ஏஐ மூலம் திரை அளவுக்குப் பெரிதாக்கும் என்விடியா வசதி. 1600பி திரையில் குவாலிட்டி மோடு போட்டால் உள்ளே வரைவது 1707×1067, அதாவது 18 லட்சம் பிக்சல்தான். 1080பி (1920×1080) நேட்டிவைவிடக் குறைவு! பெரிதாக்கும் வேலைக்கு ஜிபியு கொஞ்சம் நேரம் எடுக்கும், அது உண்மை. ஆனாலும் 41 லட்சம் பிக்சலை நேரடியாக வரைவதைவிட மிகவும் இலகு.

இதே குவாலிட்டி மோடு 1200பி திரையில் 1280×800-இல் இருந்து படத்தை உருவாக்குகிறது. மூலப்படமே சிறிது, முடி, கம்பி வேலி, தூரத்து இலைகள் எல்லாம் மினுங்கிக்கொண்டே இருக்கும். எனவே "என் ஜிபியு சின்னது, 1080பிதான் சரி" என்கிற பழைய வாதம் டிஎல்எஸ்எஸ் உள்ள கேம்களில் பாதி அடிபட்டுப்போகிறது.

வி-ரேம் மட்டும் கவனம். 8 ஜிபி நிரம்பி வழிந்தால் மிச்சம் சிஸ்டம் ரேமுக்குப் போகும். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகவே காட்டும், ஆனால் திரும்பும்போதெல்லாம் திக்கும். அப்போது ரெசல்யூஷனில் கை வைக்காமல் முதலில் டெக்ஸ்சரை 'ஹை'க்கு இறக்குங்கள். ஃபிரேம் ஜெனரேஷனும் (இடையிடையே ஏஐ உருவாக்கும் கூடுதல் ஃபிரேம்) வி-ரேம் தின்னும் என்பதை மறக்காதீர்கள்.

#3
கடையில் எல்லாரும் ரெசல்யூஷனைத்தான் கேட்கிறார்கள், பேனலைக் கேட்பதில்லை. எனக்கு இதுதான் ஆதங்கம். விலை குறைந்த 1080பி, 1200பி மாடல்களில் 45% என்டிஎஸ்சி (நிற வீச்சு குறைவு), 250–300 நிட்ஸ் (வெளிச்ச அளவு) பேனல் நிறைய வருகிறது. சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். 144 ஹெர்ட்ஸ் என்று ஒட்டியிருப்பார்கள். ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 6.9 மில்லிசெகண்ட், பிக்சல் நிறம் மாற அதைவிட அதிக நேரம் ஆனால் ஓடும் உருவத்துக்குப் பின்னால் நிழல் இழுபடும். 1600பி பேனல்கள் பெரும்பாலும் 100% எஸ்ஆர்ஜிபியோடு (வழக்கமான நிற வீச்சு முழுவதும்) வருகின்றன. கூடுதல் காசு பாதிக்கு மேல் இதற்குத்தான் தகும்.

ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று பேனல் இருக்கும். பெட்டியில் உள்ள முழு மாடல் எண்ணை வைத்துத்தான் ஸ்பெக் பாருங்கள். வாங்கியதும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்கிற இலவச மென்பொருளில் 'மானிட்டர்' பகுதியைத் திறந்தால் பேனல் விவரம் வரும். ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் சரிபார்த்துவிடுங்கள்.

#4
1600பி வாங்கி, கேமில் 1920×1200 வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். 1.33 மடங்கு முழு எண் இல்லை, ஒரு பிக்சல் பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து எழுத்தெல்லாம் மங்கும். டிஎல்எஸ்எஸ் இல்லாத பழைய கேமாக இருந்தால், கேமுக்குள்ளேயே 'ரெண்டர் ஸ்கேல்' (உள்ளே வரையும் அளவு) இருக்கிறதா பாருங்கள். 75% வைத்தால் உள்ளே வரைவது அதே 1920×1200தான், ஆனால் மெனுவும் எழுத்தும் பெரும்பாலும் நேட்டிவிலேயே கூர்மையாக நிற்கும்.

16:10 (இந்த இரண்டு திரைகளின் அகல-உயர விகிதம்) பற்றி ஒரு வார்த்தை: எல்டன் ரிங் போல 16:9-ஐ விடாத கேம்களில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். பழகிவிடும்.

#5
கேள்வி: மேசையில் 27 அங்குல 1440பி மானிட்டர் இருக்கிறது. கேம் பெரும்பாலும் அதில்தான். அப்படியும் 1600பி தேவையா சார்?

#6
தேவையில்லைங்க. அந்தக் காசை அதிக வாட் கிடைக்கும் ஜிபியுவில் போடுங்கள். 4060 என்று பெயர் இருந்தாலும் லேப்டாப்பைப் பொறுத்து 35 முதல் 115 வாட் வரை மாறும், அதை ஸ்பெக்கில் தேடிப் பாருங்கள். மானிட்டரை இணைத்த பிறகு என்விடியா கன்ட்ரோல் பேனலில் பிசிக்ஸ் பக்கத்தைத் திறந்தால், அந்த போர்ட் எந்த ஜிபியுவோடு சேர்ந்திருக்கிறது என்று படமாகவே காட்டும். சில லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ நேராக என்விடியாவுக்குப் போகும், யூஎஸ்பி-சி மட்டும் இன்டகிரேட்டட் (புராசஸரோடு சேர்ந்த) ஜிபியு வழியாகச் சுற்றும். நேராகப் போகிற போர்ட்டிலேயே கேபிளைச் செருகுங்கள்.