பாவு பீம் தூக்க ஒரு வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. பல்லடம் பக்கம் 12 தறி ஓட்டுகிறோம், மொத்தம் 6 பேர். போன வாரம் பாவு பீமை (தறியில் நீளவாக்கில் ஓடும் நூலைச் சுற்றிய பெரிய உருளை) ஏற்றும்போது எங்க பெரியவர் ஒருத்தர் பீமோடு குனிந்தபடியே இடுப்பைத் திருப்பிவிட்டார், படக்கென்று பிடித்துக்கொண்டது, மூன்று நாளாகப் படுக்கைதான். தப்பு என் மேல்தான். தறிகளுக்கு நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும், அதில் எப்படித் திரும்புவார்?

வயசு வந்த ஆண் ஒருத்தர் கையால் தூக்க 55 கிலோதான் உச்சம் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரைத்திருக்கிறது. எங்க பீமை எடை போட்டேன், 110 கிலோ. ரெண்டு பேர் தூக்கினால் கணக்கு சரி, ஆனால் அடி சேராமல் போனால் பாரம் ஒருத்தர் மேலேயே இறங்கிவிடுகிறது.

நூல் மூட்டைக்கு இடுப்பு உயரத்தில் பலகை மேடை போட்டுவிட்டேன், குனிகிற வேலை குறைந்தது. பீமுக்குத்தான் வழி தெரியவில்லை. இடுப்பு பெல்ட் வாங்கச் சொல்கிறார்கள், அது பாரத்தைக் குறைக்காதே!

சோமனூர், அவிநாசிப் பக்கம் யாராவது பீம் டிராலி வைத்திருக்கிறீங்களா? ஒன்றரை அடிச் சந்தில் திரும்புமா? செயின் பிளாக் (சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) மாட்டலாம் என்றால் ஓட்டுக்கூரை, விட்டம் தாங்குமா என்று பயமா இருக்கு. விலை, போட்டோ இருந்தால் போடுங்க. அடுத்த பாவு வியாழக்கிழமை வருதுங்க.