நெல்லை வந்தே பாரத், எக்ஸிக்யூட்டிவ் பெட்டி: அம்மாவோடு போன அனுபவம்

வந்தே பாரத்தில் எக்ஸிக்யூட்டிவ் கிளாஸுக்கு இரண்டு மடங்கு காசு கொடுக்கத்தான் வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். போன மாதம் அம்மாவை எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு அதில் கூட்டிப்போனேன். இதே வண்டியில் இதற்கு முன் இரண்டு முறை, சாதாரண வகுப்பான சேர் காரில் தனியாகப் போயிருக்கிறேன். அதனால் இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. நன்றாகவே நடக்கிறாள். ஆனால் காலை மடக்கியபடி அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கும்போது முகம் சுருங்கிவிடும். வழக்கமாகப் போகும் ராத்திரி வண்டியில் கீழ் பெர்த் கிடைக்கவில்லை. இதுவோ 650 கிலோமீட்டர், ஏறக்குறைய எட்டு மணி நேரம் உட்கார்ந்தே போக வேண்டும். சேர் காருக்கு 1,600 ரூபாய் சொச்சம், எக்ஸிக்யூட்டிவ் 3,000-ஐத் தாண்டும். மூத்த குடிமக்கள் சலுகையும் கிடையாது. இரண்டு நாள் யோசித்துத்தான் டிக்கெட் போட்டேன்.

வண்டி நின்றதும் கதவுக்குக் கீழே ஒரு படி தானாக வெளியே நீண்டு நடைமேடை இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. அம்மா என் தோளைப் பிடிக்காமலே ஏறினாள். இது எல்லாப் பெட்டிக்கும் உண்டு. உள்ளே போனால்தான் வித்தியாசம் தெரியும். சேர் காரில் ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் இரண்டு என்று 78 பேர். அதே நீளப் பெட்டியில் இங்கே இரண்டுக்கு இரண்டாக 52 பேர்தான். சீட்டு அகலம், கைவைக்கவும் தாராளம். கால் வைக்கத் தனியாக ஒரு தாங்கி உண்டு. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் அம்மா சொன்னாள்: "ஏல, கால நீட்டுனா எதுலயும் முட்டல பாரு." எனக்கு அப்போதே கொடுத்த காசு பெரிதாகத் தெரியவில்லை.

அடுத்தது அந்தச் சுழலும் சீட்டு. சேர் காரில் பாதிப் பேர் பின்பக்கம் பார்த்தபடிதான் போக வேண்டும், சீட்டைத் திருப்ப முடியாது. அம்மாவுக்குப் பின்னோக்கிப் போனால் தலை சுற்றும். இங்கே கீழே ஒரு மிதி இருக்கிறது. இருவரும் எழுந்து நிற்க வேண்டும், சாய்த்திருந்தால் நிமிர்த்திவிட வேண்டும், மிதியை அழுத்திக்கொண்டே நடைபாதைப் பக்கமாகத் தள்ளினால் இரண்டு சீட்டும் ஒன்றாக அரைவட்டம் சுற்றி 'டக்'கென்று உட்காரும். பின் வரிசையில் பாளையங்கோட்டைக்குப் போகும் ஓர் அக்காவும் அவர் மகளும் இருந்தார்கள். விழுப்புரம் தாண்டியதும் அந்தப் பெண் கேட்டாள் என்று அவர்களைப் பார்த்தபடி திருப்பிக்கொண்டோம். அம்மா கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "போதும், முன்னால திருப்பு" என்றாள். யாரையும் கேட்க வேண்டியதில்லை, நாங்களே திருப்பிக்கொண்டோம்.

சாப்பாட்டுக்காக இந்த வகுப்பைப் போடாதீர்கள். சாயங்காலம் டீயும் நொறுக்கும், ராத்திரி சாதம், சப்பாத்தி, பருப்பு, ஒரு கறி, தயிர். சேர் காரில் சாப்பிட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் டிக்கெட் எடுக்கும்போதே உணவு வேண்டாம் என்று போட்டுவிட்டேன், கட்டணம் குறையும். அவளுக்கு இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி வீட்டிலிருந்தே கொண்டுபோனோம். என் பங்கு டீயை மட்டும் தன் எவர்சில்வர் தம்ளரில் வாங்கி, ஓடுகிற வண்டியில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஆற்றிக் குடித்தாள்.

ஏசி நன்றாகவே குளிரும், பெரியவர்களுக்கு ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பை வைக்கும் தட்டு அகலம் குறைவு, பெரிய சூட்கேஸ் ஏறாது. கழிப்பறை மேற்கத்திய வகை, முழங்கால் பிரச்சினை உள்ளவர்களுக்கு அதுவே நிம்மதி. தண்ணீர் இழுக்கும் சத்தம் மட்டும் திடீரென்று பலமாக வரும், முதலிலேயே சொல்லி வையுங்கள்.

வழியனுப்ப வருகிறவர்கள் தயவுசெய்து உள்ளே ஏறாதீர்கள். தாம்பரத்தில் ஒருவர் தன் மாமியாரின் பையை மேலே வைத்துவிட்டு இறங்கலாம் என்று ஏறினார். பையை வைத்துத் திரும்புவதற்குள் கதவு மூடிக்கொண்டது. மூடிய கதவை நம்மால் திறக்க முடியாது. பாவம், விழுப்புரம் வரை ஒன்றரை மணி நேரம் வாசல் பக்கமே நின்றுகொண்டு வந்தார். வெளியே செருப்போடு ஓடிவந்த அவருடைய சின்ன மகனின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கொள்ளிடம் பாலம் வந்தபோது இருட்டு விழும் நேரம். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தெரிந்ததும் அம்மா சீட்டிலிருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திருச்சிக்கு அப்புறம் வெளியே ஒன்றும் தெரியாது. சீட்டைச் சாய்த்துக்கொண்டு மதுரை வரை தூங்கினாள். முழுக்கப் படுக்க முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். இடுப்பு வலி உள்ளவர்களுக்குக் கீழ் பெர்த்தே மேல். எனக்கே தனியாகப் போவதென்றால் இனியும் சேர் கார்தான். காலுக்கு இடம் வேண்டியவர்களுக்கு மட்டும் இதைப் போடுங்கள் என்பேன்.

ராத்திரி பத்தரை வாக்கில் நெல்லை ஜங்ஷன். ஊருக்கு வந்தால் இறங்கியதும் நடைமேடை பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்து காலை நீவிவிட்டுத்தான் அம்மா நடப்பாள். நானும் பெஞ்சைத் தேடினேன். அவள் பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

பொங்கல் முடிந்து அவளைத் திரும்பக் கூட்டிவர வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும், பண்டிகை நேரத்தில் இந்த வகுப்பும் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. காலை வண்டியில் ஜன்னலோரமாக ஒன்றும் பக்கத்தில் ஒன்றும் எடுத்துவிட்டேன்.