தேவதாரு மரமும் கட்டடங்களும்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

குலுவில் பணியாற்றிய பொறியாளர்:

நாட்டு மருந்துக் கடைச் சரக்காக மட்டுமே நான் அறிந்திருந்த தேவதாருவை, இமாசலப் பிரதேசத்தின் குலுப் பள்ளத்தாக்கில் பணியாற்றச் சென்றபோது வீட்டுச் சுவராகக் கண்டேன். நக்கர் கோட்டையின் சுவர்களில் ஒரு வரிசை கல், அதன்மேல் ஒரு வரிசை தேவதாரு உத்திரம் என மாறி மாறி அடுக்கியிருக்கிறார்கள். இடையே சாந்து இல்லை. காத்-குனி என்று அங்கு அழைக்கப்படும் இம்முறையில், சுவரின் உள்முகத்திலும் வெளிமுகத்திலும் இணையாக ஓடும் இரண்டு உத்திரங்களைக் குறுக்குக் கட்டைகளால் பிணைத்து, நடுவிலுள்ள இடைவெளியைக் கற்களால் நிரப்புகிறார்கள். நிலம் அதிரும்போது இந்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே நகர்ந்து, அந்த உராய்விலேயே அதிர்வின் ஆற்றலைப் பெருமளவு தணித்துவிடுகின்றன. 1905 ஏப்ரல் 4 அன்று காங்ராப் பகுதியைச் சிதைத்த நிலநடுக்கத்தில் நக்கர் கோட்டை தப்பி நின்றதற்கு இந்தக் கட்டுமானமே காரணம் என்பார்கள்.

ஆயினும் மரத்தைப் பற்றி எனக்குத் தெளிவு பிறந்தது கோட்டையில் அல்ல, ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்த இடத்தில். கழற்றியெடுத்த உத்திரங்களில் வெளிறு எனப்படும் வெளிப்புற இளமரப் பகுதி பூச்சியரித்து மாவாக உதிர்ந்தது. வைரம் எனப்படும் உள்மரமோ சிறிதும் கெடாமல் இருந்தது. வாளால் அறுத்தவுடன், நேற்று வெட்டிய மரத்தைப் போல வாசனை எழுந்தது. அந்த வாசனைக்குரிய எண்ணெயில் ஹிமாசலீன் என்னும் சேர்மங்கள் உள்ளன. பூஞ்சையையும் பூச்சியையும் தடுப்பது அந்த எண்ணெய்தான். அதே எண்ணெய் கசிந்து வண்ணப்பூச்சைப் பிடிக்கவிடாமல் செய்வதுமுண்டு என்பதை, நாங்கள் பூசிய கதவு ஒரே கோடையில் திட்டுத்திட்டாக உரிந்தபோது தெரிந்துகொண்டோம்.

கனடாவில் வசிக்கும் உறுப்பினர்:

தேவதாருவை ஆங்கிலத்தில் சிடார் வகை என்பார்கள். ஆனால் இங்கே, பிரிட்டிஷ் கொலம்பியாவில், சிடார் என்று கேட்டால் கிடைப்பது தேவதாருவின் இனத்தைச் சேர்ந்ததே அன்று. மேற்கத்தியச் செஞ்சிடார் எனப்படும் அம்மரம் தூயா என்னும் வேறொரு பேரினம். கன மீட்டருக்கு 370 கிலோ அளவிலேயே எடை கொண்டது, நகம் பட்டாலே தடம் பதியும் மென்மையுடையது. உத்திரத்துக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்கமாட்டேன். கூரை ஓட்டுக்கும் வெளிச்சுவர்ப் பலகைக்கும் வேலிக்கும் அது சிறந்தது, ஏனெனில் ஈரத்தில் அதிகம் வளைவதில்லை.

எங்கள் வீட்டு வேலியை நானே அமைத்தபோது, விலை குறைவு என்று சாதாரண இரும்பு ஆணிகளை அடித்துவிட்டேன். முதல் மழைக்காலத்திலேயே ஒவ்வோர் ஆணியின் கீழும் கறுப்புக் கோடு வழிந்தது. மரத்திலுள்ள சாறு இரும்போடு வினைபுரிந்து கறையாகிறது என்று பிறகுதான் கேட்டறிந்து, எவர்சில்வர் ஆணிகளாக மாற்றினேன். இம்மரத்தூளிலுள்ள பிளிகாட்டிக் அமிலம் மரவாடித் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. முகக்கவசம் இல்லாமல் இரண்டு நாள் அறுத்ததற்கே நான் ஒரு வாரம் இருமினேன்.

திருநெல்வேலி உறுப்பினர்:

பெயர்க்குழப்பம் நம் ஊரிலும் உண்டு. நம் வறண்ட காடுகளில் வளரும் செம்புளிச்சானையும் தேவதாரம் என்பார்கள். அது வேறு குடும்பத்துச் சிறுமரம். எனக்கு நேர்ந்தது அதைவிட எளிய ஏமாற்றம். தேவதாரு என்று ஒரு மரக்கடையில் சொன்னதை நம்பி அலமாரிக்கு வாங்கிய பலகைகள், பெட்டிகளுக்குப் பயன்படும் வெறும் பைன் பலகைகள். இரண்டாம் ஆண்டே கரையான் ஏறிவிட்டது.

குலுவில் பணியாற்றிய பொறியாளர்:

நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். தேவதாரு, பைன் இரண்டும் வெளிர் மஞ்சளாகத் தோன்றக்கூடும். பைனிலும் பிசின் வாசனை உண்டு என்றாலும், தேவதாருவின் காரமான நறுமணத்தை ஒருமுறை முகர்ந்தவர்க்கு வேறுபாடு விளங்கும். ஆகையால் நான் கடையிலேயே பலகையின் ஓரத்தில் ஒரு துண்டைப் புதிதாக அறுக்கச் சொல்லி, முகர்ந்து பார்த்துவிட்டு, வெளிறு எவ்வளவு இருக்கிறது என்பதையும் அளந்த பிறகே விலை பேசுகிறேன்.