சின்ன ஊருக்குத் தனிக் கட்டுரை வேணுமா? நீங்க சந்திச்சதச் சொல்லுங்க

விக்கிப்பீடியால ஊர்க் கட்டுரைகளச் சரிபார்க்கிற வேலைய ரொம்ப நாளா செஞ்சிட்டு வரேன். ஒரு கட்டுரைய வெச்சுக்கலாமா எடுத்துரலாமான்னு பேசற நீக்கல் உரையாடல்னு ஒண்ணு ஆரம்பிச்சாலே "எங்க ஊரு சின்னதுங்கறதாலதான தூக்கப் பாக்கறீங்க"ன்னு யாராவது கேட்டுருவாங்க. அந்தக் கோவம் எனக்குப் புரியுது, பொறந்த ஊரப் பத்தின விஷயம், வலிக்கத்தான் செய்யும். ஆனா அளவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. அமெரிக்கால நெப்ராஸ்கா மாநிலத்துல மோனோவின்னு ஒரு கிராமம், 2010 கணக்கெடுப்புல அங்க மக்கள்தொகை 1. ஒரே ஒரு அம்மா, அவங்களே மேயர், அவங்களே நூலகர். அதுக்குத் தனிக் கட்டுரை இருக்கு, சட்டப்படி பதிவான கிராமம், பத்திரிகைக்காரங்க நேர்ல போய் எழுதியிருக்காங்க. 2020 கணக்குல அந்த ஊருக்கு 2 பேருன்னு வந்துச்சு, தனி ஆளோட விவரம் வெளிய தெரிஞ்சிடக் கூடாதுன்னு கணக்கெடுக்கிறவங்க எண்ணைக் கொஞ்சம் கலைச்சு வெளியிட்டதால வந்த 2 அது, அதுவும் செய்தியாச்சு. ஒருத்தர் இருக்கிற ஊருக்கே எழுத இவ்வளவு விஷயம் கிடைக்குது பாருங்க.

ஆங்கில விக்கிப்பீடியா வழிகாட்டல்ல இருக்கிறது இதுதான்: சட்ட அங்கீகாரம் உள்ள, மக்கள் வாழற இடம்னா பொதுவா தனிக் கட்டுரைக்குத் தகுதி உண்டுன்னு எடுத்துக்கலாம், ஆள் எத்தனைங்கறதப் பாக்க வேண்டாம், ஊரு காலியாகிப் போயிருந்தாலும் சரி. அங்கீகாரம் இல்லாத குடியிருப்பு, காலனி, லேஅவுட் மாதிரி இடங்கள ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கணும், அந்த இடத்தோட சம்பந்தமில்லாதவங்க, நம்பகமான வெளியீட்டுல, ஓரளவு விரிவா எழுதியிருக்கணும். வரைபடமும் கணக்கெடுப்பு அட்டவணையும் தகுதிக்குக் கணக்குல வராது, இடம் இருக்குங்கறதத் தவிர அதுல வேற ஒண்ணும் கிடைக்காது. மத்த மொழி விக்கிகள் அவங்கவங்க விதிய அவங்களே வெச்சுக்கலாம், ஆனா கட்டுரையப் பத்தி விவாதிக்கிற பேச்சுப் பக்கத்துல பாத்தா எல்லாரும் கடைசில, சட்ட அங்கீகாரம் இருக்கா, இல்லன்னா வெளியாளுங்க விரிவா எழுதியிருக்காங்களாங்கற இந்த ரெண்டு கேள்விக்குத்தான் வந்து நிக்கறாங்க.

ஆனா அந்த முதல் கேள்வியே நெனைக்கிற அளவுக்கு நேரானதில்ல. இந்தியால 2011 கணக்கெடுப்புல கிராமம்னு பட்டியல்ல இருக்கிறது கிட்டத்தட்ட 6.4 லட்சம், அதுல 40 ஆயிரத்துக்கும் மேல ஆளே இல்லாத கிராமம். ஏன்னா அங்க கிராமம்னா வருவாய்க் கணக்குக்காகப் போட்ட எல்லை. எல்லை இருக்கும், உள்ள வெறும் காடோ ஏரியோ இருக்கும். அதே சமயம் நூறு குடும்பம் தலைமுறையா வாழற ஒரு குக்கிராமம் பக்கத்து வருவாய்க் கிராமத்துக்குள்ள அடங்கிப் போயிருக்கும், பட்டியல்ல அதோட பேரே இருக்காது. பட்டியல மட்டும் வெச்சு முடிவெடுத்தா ஆளில்லாத எல்லைக்குக் கட்டுரை கிடைக்கும், ஆள் இருக்கிற ஊருக்குக் கிடைக்காது.

ஒரு தம்பி எழுதின கட்டுரை நீக்கலுக்கு வந்தப்ப நடந்ததச் சொல்றேன். சான்றுப் பட்டியல் நீளமாத்தான் இருந்துச்சு, ஒவ்வொண்ணாத் திறந்தா ஒண்ணு வானிலைத் தளம், ஒண்ணு பின்கோடு தளம், ஒண்ணு "எப்படிப் போவது" தளம், இன்னொண்ணு ஓட்டல் புக்கிங். எல்லாத்துலயும் அதே பத்தி, ஊர்ப் பேருல அதே எழுத்துப் பிழை, அடுத்த ஊருக்கு எவ்வளவு தூரம்ங்கற இடத்துல அதே கிலோமீட்டர். ஒரே தரவுத்தளத்துல இருந்து மெஷின் வார்த்தெடுத்த பக்கங்க, மனுஷன் ஒருத்தன் உக்காந்து எழுதினதுன்னு ஒரு வரி கிடையாது. தம்பிகிட்ட இத எடுத்துக் காட்டினா, அப்ப எங்க ஊரப் பத்தி யாருமே எழுதலியான்னு கேட்டாரு, அந்தக் கேள்விய அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரல. பழைய மாவட்ட கெஜட்டியர் (மாவட்ட விவரங்களத் தொகுத்த அரசு நூல்), கல்வெட்டு ஆண்டறிக்கை, பல்கலைக்கழக ஆய்வேடுன்னு ஆளுக்கொண்ணா பிரிச்சுக்கிட்டுத் தேடினோம். ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டுல அந்த ஊரோட ஏரிப் பாசனம் பத்தி முழுசா ஒரு இயல் இருந்துச்சு, மதகு எப்பத் திறக்கணும், கடைமடைக்கு எத்தன நாள் தண்ணி, முறை தவறினா யார் பஞ்சாயத்துன்னு வயல் வயலா எழுதியிருந்தாங்க. கெஜட்டியர்ல ரெண்டு பத்தி. இந்த ரெண்டும் வந்ததுக்கப்புறம் யாரும் வாதாடல, கட்டுரை நின்னுச்சு. மெஷின் தளங்க அத்தனையும் சான்றுப் பட்டியல்ல இருந்து எடுத்தாச்சு. பக்கத்துல இருந்த இன்னொரு குடியிருப்புக்குன்னு தனியா ஒண்ணும் சிக்கல, அத இந்தக் கட்டுரையிலயே ஒரு பிரிவா வெச்சு, அதோட பேரத் தேடினா இங்கயே வந்து சேர்ற மாதிரி வழிமாற்று போட்டோம்.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தா எழுதுங்க, முக்கியமா முடிவெடுக்க முடியாமத் திணறின கேஸ்.

---

அண்ணா, மெஷின் தளம்னு சொன்னீங்களே, அதுக்கு ஆர்கில்டன் கதையத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். இங்கிலாந்துல லங்காஷயர் பக்கம் கூகுள் மேப்ல ஆர்கில்டன்னு ஒரு ஊர் காட்டுச்சு, 2009 வாக்குல செய்தில அடிபட்டுச்சு, நேர்ல போய்ப் பாத்தா வெறும் வயல்வெளி. ஆனா அந்த இல்லாத ஊருக்கு வேலைவாய்ப்பு, வாடகை வீடு, வானிலைன்னு தளம் தளமா பக்கம் இருந்துச்சு! ஒரு மேப்ல பேர் விழுந்தாப் போதும், மத்தது தானா வந்து ஒட்டிக்குது. அதனாலதான் இப்பல்லாம் நான் சான்ற எண்ணிப் பாக்கறதே இல்ல, எங்கிருந்து எடுத்தாங்கன்னு பின்னாடியே போயிப் பாப்பேன்.

அமெரிக்கால ஆக்லோன்னு ஒண்ணு இருக்கு, அது இதவிட விசித்திரம். 1930கள்ல ஒரு மேப் கம்பெனி, காப்பியடிக்கறவங்களப் பிடிக்கறதுக்காக நியூயார்க் மாநிலத்துல ரெண்டு மண் ரோடு கூடற இடத்துல பொய்யா வெச்ச பேரு. அப்புறம் பாத்தா போட்டிக் கம்பெனி மேப்லயும் அதே பேர். மாட்டிக்கிட்டாங்கன்னு போனா, அந்த இடத்துல ஒருத்தர் மேப்பப் பாத்து அதே பேருல கடையே தொறந்திருந்தாரு. இன்னிக்கு ஆர்கில்டன், ஆக்லோ ரெண்டுக்கும் கட்டுரை இருக்கு, அது கற்பனை ஊருன்னு சொல்ற கட்டுரை, நியாயமாவே இருக்கு, ஏன்னா அதப் பத்தி மனுஷங்க விரிவா எழுதியிருக்காங்க. ஊரே இல்லாதது தகுதி பெறுது, உண்மையா இருக்கிற ஒரு குடியிருப்புக்குக் கிடைக்கல, இத முதல் தடவ கேக்கறவங்களுக்கு ஜீரணிக்க ரொம்ப நேரமாகும்.

---

எனக்கு இதுல கொஞ்சம் மாற்றுக் கருத்து இருக்கு. குறுங்கட்டுரைன்னா ஏன் இவ்வளவு பயப்படறோம்? 2002ல ராம்பாட்னு ஒரு தானியங்கி அமெரிக்கக் கணக்கெடுப்பு தரவ வெச்சு 30 ஆயிரத்துக்கும் மேல ஊர்க் கட்டுரை போட்டுச்சு, அப்ப எத்தனை பேரு திட்டினாங்க, அதுல எத்தனையோ கட்டுரை பின்னாடி மனுஷங்க கை பட்டு நல்லா வளந்திருக்கு. ஒரு வரியாவது இருந்தாத்தான் அந்த ஊர்க்காரர் வந்து ரெண்டாவது வரி எழுதுவாரு. வெறும் பக்கத்துல யாரும் வந்து ஆரம்பிக்க மாட்டாங்க, நான் இழுத்துட்டு வந்த புதுப் பயனர்கள்ல முக்காவாசிப் பேரு அவங்க ஊர்ப் பக்கத்துல ஒரு பிழையத் திருத்தப் போய்த்தான் உள்ளயே வந்தாங்க.

---

மேல உள்ளவருக்குப் பதில், நீங்க சொன்னது தப்பில்லங்க, ஆனா நான் பாத்த இன்னொரு பக்கத்தையும் கேளுங்க. ஈரான் கணக்கெடுப்புல "ஆபாதி"ன்னு ஒரு வகை, நகரத்துக்கு வெளிய ஆள எண்ணின எந்த இடமும் அதுல வந்துரும், பண்ணை, கிணறு, மோட்டார் பம்ப் வரைக்கும். இந்தப் பட்டியல வெச்சு ஆங்கில விக்கில ஆயிரக்கணக்குல "இன்ன மாவட்டத்துல இது ஒரு கிராமம்"னு கட்டுரை விழுந்து, 2021ல பெரிய விவாதம் ஆகி, கூட்டங்கூட்டமா நீக்க வேண்டி வந்துச்சு. அமெரிக்கப் புவியியல் பெயர்த் தரவுத்தளத்துலயும் இதே பிரச்சனை, மக்கள் வாழிடம்னு போட்டிருக்கும், போய்ப் பாத்தா ரயில் ஒதுங்கி நிக்கற துணைத் தண்டவாளம். நான் அந்த மாதிரிப் பக்கங்களத் துப்புரவு பண்ண உக்காந்தவ, ஒரு பக்கத்தப் போட ஒரு நொடி, அது நிஜமா கிராமமான்னு கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போயிரும். அந்த நேரத்துல ஒரு நல்ல ஊர்க் கட்டுரையே எழுதியிருக்கலாம்.

---

ரெண்டு பேரும் சொன்னதுல எனக்கு உடன்பாடுதான், வித்தியாசம் எங்கன்னா ராம்பாட் எடுத்த ஊருங்கள்ல பெரும்பாலானது ஏற்கனவே நிர்வாகம், செய்தித்தாள், வரலாறு எல்லாம் உள்ளது, வளர்க்க மண்ணு இருந்துச்சு. பம்புக்கு அது இல்ல. பிலிப்பைன்ஸ்ல பேசற சிபுவானோ மொழி விக்கிய எடுத்துக்கோங்க, எல்எஸ்ஜேபாட்ங்கற தானியங்கி பெரும்பாலும் எழுதி 60 லட்சத்துக்கும் மேல கட்டுரை, எண்ணிக்கைல முன்வரிசை, ஆனா அத்தன பக்கத்தையும் திருத்திக் காப்பாத்தற அளவுக்கு அங்க ஆள் இல்ல. தரவுத்தளத்துல ஒரு மலை தப்பான இடத்துல இருந்தா கட்டுரையிலயும் தப்பாத்தான் நிக்கும்.

குறுங்கட்டுரை போடறதுக்கு முன்ன நான் கேக்கறது ஒண்ணுதான், கட்டுரையோட ஓரத்துல வர்ற தகவல் பெட்டில இருக்கிற எண்கள எடுத்துட்டா உரைன்னு மிச்சம் என்ன நிக்குது? "இது ஒரு கிராமம்"ங்கறது மட்டும்னா, அத ஒன்றியத்தோட பட்டியல்ல ஒரு வரிசையா வெச்சு வழிமாற்று குடுத்துரலாம், தேடறவங்களுக்கு அங்கயே எண், வரைபடம் எல்லாம் கிடைச்சுரும். விக்கிப்பீடியாவோட துணைத் தரவுத்தளமான விக்கித்தரவுல ஒரு உருப்படி எப்படியும் போட்டுக்கலாம், அதுக்குத் தனிக் கட்டுரை தேவையில்ல. புதுப் பயனர் வரணும்ங்கற கவலைக்கு, அந்தப் பட்டியல் வரிசையிலயே அவரு தன் ஊருக்கு ரெண்டு வரி எழுதலாமே, சான்றோட ரெண்டு பத்தி சேந்த அன்னிக்கு நானே பிரிச்சுத் தனிப் பக்கமா வெச்சுத் தரேன், அந்த உரை எந்தப் பட்டியல்ல இருந்து வந்துச்சு, பழைய திருத்த வரலாறு எங்க இருக்குன்னு தொகுப்புச் சுருக்கத்துல குறிச்சு வெப்பேன். ஆனா நீக்கல் வார்ப்புரு, அதாவது கட்டுரைய நீக்கணும்ங்கற அறிவிப்பு, போடறவங்க தயவுசெஞ்சு அந்த எழுதினவர் பேச்சுப் பக்கத்துல ரெண்டு வார்த்தை விளக்கமா எழுதுங்க, கெஜட்டியர் எங்க கிடைக்கும், ஆய்வேடு எங்க தேடணும்னு சொல்லுங்க, அவரு தேடறதுக்கு ஒரு வாரமாவது விடுங்க.