'அணுகல் தளம்' வேண்டாம், 'புகுமிடம்' போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இதயத்தின் இரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் அஞ்சியோகிராம் சோதனையைச் செய்யும்போது மெல்லிய குழாயை உடலின் எந்த இடத்தில் நாடிக்குள் செலுத்துகிறார்களோ, அந்த இடத்துக்கு (access site) 'அணுகல் தளம்' என்ற சொல்லும், அந்த இடத்தை நோயாளி தெரிவதற்கு 'நோயாளி விருப்பம்' என்ற சொல்லும் நமது கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. வன்னியிலிருந்து எழுதும் என்னால் முதற் சொல்லை ஏற்க முடியவில்லை. இங்கே தளம் என்றதும் நாற்பது வயதைக் கடந்தவர்களின் நினைவுக்கு முதலில் வருவது படைத்தளம்தான். மேலும், அணுகுவது என்றால் கிட்டப் போவது. குழாயோ உள்ளே போகிறது.

கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் இந்தச் சோதனைக்காக யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ செல்பவர்களுக்காக ஒரு விளக்கத்தாள் எழுதி வருகிறேன். அதன் வரைவை இரணைமடுப் பக்கத்து வயோதிபர் ஒருவருக்கு வாசித்துக் காட்டியபோது, "குளத்துத் துருசு மாதிரியோ, தங்கச்சி?" என்று கேட்டார். துருசு (மதகு) நீரை வெளியே விடுவது என்பதால் அந்த உவமை பொருந்தவில்லை. ஆனால் அவர் மனம் ஒரு வாயைத் தேடியது என்பது எனக்கு விளங்கியது. 'புகுமிடம்' என்று சொல்லிப் பார்த்தேன். மறு கேள்வி வரவில்லை.

புகுமிடங்களில் முக்கியமானவை இரண்டு: மணிக்கட்டில் ஆரை நாடி, கவட்டில் (தொடையிடுக்கில்) தொடை நாடி. (தமிழக நண்பர்கள் தமனி என்பதை நாங்கள் பள்ளிப் பாடநூல்களிலேயே நாடி என்று படித்தவர்கள்.) மணிக்கட்டுப் புகுமிடத்தை விளக்க எனக்குப் பெரிய சொல் எதுவும் தேவைப்படவில்லை. நாட்டு வைத்தியரான பரியாரியார் மூன்று விரல் வைத்து நாடி பிடிக்கும் அதே இடம் என்றதும், அந்தப் பெரியவர் தம் வலக்கையைத் திருப்பிச் சரியான இடத்தைத் தொட்டுக் காட்டினார். மொன்றியலில் லூசியன் கம்போ என்ற மருத்துவர் மணிக்கட்டு வழியே செய்த சோதனைகளை 1989இல் வெளியிட்டார். 1992இல் அம்ஸ்ரடாமில் பேர்டினண்ட் கீமனே என்ற மருத்துவர் இதன் வழியே அடைப்பு நீக்கும் சிகிச்சையையும் தொடங்கினார். இந்த நாடி தோலுக்கு அருகில் எலும்பின் மேல் ஓடுவதால் அழுத்தி இரத்தத்தை நிறுத்துவது எளிது. நோயாளி விரைவிலேயே எழுந்து உட்காரலாம். தொடை வழியானால் சில மணிநேரம் காலை மடக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டியிருக்கும். இரு வழிகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நோயாளிகள் பெரும்பாலும் கையையே விரும்பியிருக்கிறார்கள். கவடு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவே கூசும் எங்கள் தாய்மாரின் விருப்பத்தை ஊகிக்க ஆய்வும் தேவையில்லை.

ஆனாலும் எல்லோருக்கும் கைதான் என்று எழுதிவிட எனக்குத் துணிவில்லை. போரில் ஒரு காலை இழந்து, ஊன்றுகோலில் முழுப் பாரத்தையும் மணிக்கட்டால் தாங்கி நடப்பவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அந்தக் கையைச் சில நாட்கள் ஊன்றக் கூடாது என்றால் அவர் கிணற்றடிக்கும் போக முடியாது. வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோயோடு வாழ்பவர்களுக்கோ, பின்னாளில் இரத்தச் சுத்திகரிப்புக்காக அதே கையின் நாடியையும் நாளத்தையும் (சிரையையும்) இணைக்க வேண்டி வரலாம் என்பதால், அந்த நாடியைப் பேண வேண்டியிருக்கிறது. இவற்றை மருத்துவர் கேட்டறிய வேண்டும். நோயாளியும் தயங்காமல் சொல்ல வேண்டும்.

ஆகவே முன்வைக்கப்பட்ட இரண்டாவது சொல்லையும் இதனோடு சேர்த்தே தீர்மானிக்கும்படி கேட்கிறேன். 'நோயாளி விருப்பம்' என்றால் ஏதோ ஆசைப்பட்டுக் கேட்பது போலத் தொனிக்கிறது. 'புகுமிடத் தெரிவு' என்று வைத்தால், எடுத்துச் சொல்லப்பட்டதைத் தெரிந்துகொண்டு தெரிவது என்ற இரு பொருளும் அதற்குள் அடங்கும். கவடு என்பது மட்டக்களப்பிலும் தமிழகத்திலும் நோயாளிக்கு முன் சொல்லத்தக்க சொல்தானா, அல்லது தொடையிடுக்கு என்று மாற்ற வேண்டுமா என்பதை அங்குள்ளவர்கள் அறியத் தந்தால், விளக்கத்தாளை அச்சுக்குக் கொடுக்குமுன் திருத்திக்கொள்வேன்.