ஆற்று வாயில் இன்று எத்தனை அடி ஆழம்? கரையில் பலகையா, கைபேசியில் செய்தியா?

தொண்டிக்கரை:
காரைக்குடியில் எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறேன். பிறந்து வளர்ந்தது தொண்டிப் பக்கம். போன தை மாதம் என் மச்சானின் பைபர் படகு, நண்டு வலை எடுத்துவிட்டுத் திரும்பும்போது எங்கள் ஊர் ஆற்று வாயில், அதாவது ஆறு கடலில் சேரும் இடத்தில், தரைதட்டிக் கவிழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. கூடப்போன பெரியவருக்குக் கழுத்தெலும்பு முறிந்தது, வலை முழுக்கப் போயிற்று.

எஞ்சின் என் பட்டறைக்குத்தான் வந்தது. புரொப்பல்லரின் மூன்று இதழில் இரண்டு உள்பக்கம் மடங்கியிருந்தன. கழற்றிப் பார்த்தால் அச்சில் சுற்றிக்கிடந்த வலை நரம்புக்கு அடியில் ஈர மணலும் சிப்பித் துண்டும். மச்சான் வழி தவறவில்லை. ஐப்பசியில் ஜிபிஎஸ்ஸில் பதிந்து வைத்த அதே கோட்டில்தான் வந்திருக்கிறார். கார்த்திகை மழையில் ஆறு பெருகி மணல் திட்டை வடக்கே தள்ளிவிட்டது. கோடு பழைய இடத்தில், தண்ணீர் வேறு இடத்தில்.

அன்று காலை கைபேசிக்கு வந்த செய்தி, காற்றும் அலையும் சாதாரணம் என்றது. அது பொய் இல்லை. ஆனால் அது திறந்த கடலுக்கான செய்தி. ஆற்று வாயைப் பற்றி யார் சொல்வது?

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வற்றம் (கடல் தண்ணீர் இறங்குவது) நின்ற நேரத்தில் இரண்டு பேர் இறங்கிக் கம்பு போட்டு வாயை அளக்க வேண்டும். எத்தனை அடி, எந்தப் பக்கம் வழி என்று தேதியோடு கரையில் ஒரு பலகையில் எழுத வேண்டும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மாலுமி, தேவகோட்டை:
உங்கள் மச்சான் பிழைத்தது பெரிய நிம்மதி. ஆனால் பலகை யோசனையை நான் எதிர்க்கிறேன். 31 வருடம் கப்பலில் இருந்தவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

பழைய எண் எண்ணே இல்லாததைவிட மோசம். எண் இல்லாவிட்டால் ஆள் பயந்து மெதுவாகப் போவான். பலகையில் '3 அடி' என்று இருந்தால் எஞ்சினைக் குறைக்காமல் நுழைவான். உங்கள் மச்சானுக்கு நடந்ததும் அதுதானே? ஜிபிஎஸ் கோடும் ஒரு பழைய பலகைதான்.

கடல் வரைபடத்துக்கு இதற்கென்றே ஒரு முறை உண்டு. டேராடூனில் உள்ள தேசிய நீரியல் அலுவலகம் 15 நாளுக்கு ஒருமுறை மாலுமிகளுக்கான அறிவிப்பை வெளியிடுகிறது. விளக்கு அணைந்தது, மிதவை நகர்ந்தது, புதிய ஆழம் என எல்லாம் அதில் வரும். ஒவ்வொரு அறிவிப்பையும் வரைபடத்தில் திருத்திவிட்டு, இடது கீழ் மூலையில் அந்த எண்ணையும் ஆண்டையும் குறிப்போம். அந்த மூலையைப் பார்த்தால் வரைபடம் எதுவரை சரி என்று தெரிந்துவிடும். உங்கள் பலகையில் அந்த மூலை எங்கே? அதோடு, எந்தத் தண்ணீருக்கு 3 அடி? ஏற்றத்துக்கா, வற்றத்துக்கா? வரைபடத்தில் போடும் ஆழம், தண்ணீர் மிகவும் இறங்கிய நிலையிலிருந்து கணக்கிட்டது. கரையில் அளப்பவர் இதைப் பார்ப்பாரா?

முறையான அளவையை அரசிடம் கேட்டு வாங்குங்கள். அதுவரை அவரவர் படகின் முன்தலையில் ஒரு ஆளை நிறுத்திக் கம்பு போட்டுக்கொண்டு நுழையட்டும்.

கோட்டையூர் தம்பி:
ஐயா, அண்ணே, இரண்டு பேருமே கரையிலேயே நிற்கிறீர்கள் என்று தோன்றுகிறது. 2017 ஒக்கிப் புயலை நினைத்துப் பாருங்கள். செய்தி கிளம்பும்போது கன்னியாகுமரிக்காரர்கள் பலர் நடுக்கடலில் இருந்தார்கள். கரையில் எத்தனை பலகை வைத்திருந்தாலும் அவர்களுக்கு எட்டியிருக்காது. அதனால்தான் 2019இல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோளிலிருந்து கைபேசிக்குச் செய்தி வரும், ஆனால் ஒருவழிதான், படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. இப்போது வருகிற, படகில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் இருவழியும் உண்டு. ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

ஆழம் காட்டும் எக்கோ கருவி இன்று சின்னப் படகிலும் இருக்கிறது. வாயைக் கடக்கிற ஒவ்வொரு படகும் அன்றைய வழிக்கோட்டையும் ஆழத்தையும் ஒரு கைபேசிக் குழுவில் போட்டால், 15 நாள் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே தெரியும்.

செஞ்சை மீன்கடை:
நான் விடிகாலையில் தொண்டிக்கும் ஜெகதாப்பட்டினத்துக்கும் போய் மீன் எடுத்து வந்து காரைக்குடியில் விற்கிறவள். தம்பி சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. படகில் கைபேசி எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? பாலித்தீன் பையில் சுற்றி, ரப்பர் போட்டு, சாப்பாட்டு வாளிக்குள் இருக்கும். உப்புக் கையால் தொட்டால் திரை நகராது. வாயைக் கடக்கிற நேரத்தில் ஒரு கை எஞ்சினில், இன்னொரு கை படகு விளிம்பில். எந்தக் கையால் குழுவைத் திறப்பது?

என் பேச்சு மைக் செட்டுக்குத்தான். 2004 சுனாமியன்று புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு ஊரை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். ஊருக்குள் ஏற்கெனவே கடல் நிலவரம் சொல்லப் போட்டு வைத்திருந்த ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள், சனம் தப்பியது. அந்த ஒலிபெருக்கி தினமும் பழகியது. தினமும் கேட்ட குரல் என்பதால்தான் அன்றும் நம்பி ஓடினார்கள்.

கண்டனூர்:
இவ்வளவு பேச்சு எதற்கு? பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போகும் டோக்கனை நிறுத்துகிறார்கள். ஆற்று வாய் ஆபத்து என்றாலும் அப்படியே நிறுத்திவிட்டால் போகிறது.

தொண்டிக்கரை:
கண்டனூர் அண்ணே, கூண்டு வானிலைக்கானது. 1 என்றால் தூரத்தில் காற்றழுத்தத் தாழ்வு, 3 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வரலாம், 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுவிட்டது. வெயில் அடிக்கும் நாளில் மணல் நகர்ந்தால் ஏற்ற ஒரு கூண்டும் கிடையாது. டோக்கனை நிறுத்தினால் வீட்டில் அடுப்பும் நிற்கும். வாய் மூடவில்லையே, வழிதானே மாறியிருக்கிறது?

மாலுமி ஐயாவுக்கு: டேராடூன் அறிவிப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அது பல மீட்டர் ஆழம் கேட்கும் கப்பலுக்கு. எங்கள் பைபர் படகுக்கு இரண்டு அடி போதும். பாக் நீரிணை வரைபடத்தில் எங்கள் ஆற்று வாய் பென்சில் முனையால் தொட்டால் மறைந்துவிடும். அதில் மணல் இருபது பாகம் (பாகம் என்றால் சுமார் ஆறடி) நகர்ந்தால் யார் திருத்துவார்கள்?

இன்னொன்று. எங்கள் பக்கம் அமாவாசையன்றுகூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைத் தாண்டாது. அதனால்தான் ஒவ்வொரு சாணும் கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் கடல் மட்டமே சற்று உயர்ந்து நிற்கும். அப்போது தாராளமாகக் கடந்த இடத்தில் பங்குனியில் தட்டும், மணல் நகராவிட்டாலும் தட்டும். புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்களுக்கு இது தெரியவில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி:
நான் கடல் தொழில் அறியாதவள். பேரப்பிள்ளைகளைக் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குப் படகில் அழைத்துப்போக நினைக்கிறோம். எங்கள் ஐயா ரங்கூன் கடையில் இருந்தவர். ரங்கூன் ஆற்றுக்குள் போகக் கப்பலே ஏற்றம் வரும்வரை வெளியில் காத்துக் கிடக்கும் என்று ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். நாங்கள் என்ன பார்த்து ஏற வேண்டும்?

மாலுமி, தேவகோட்டை:
ஆச்சி, ஆயா சொன்னது சரி. ரங்கூனில் பெரிய ஏற்றத்தில் தண்ணீர் 5 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காரங்காட்டில் அந்த வேகம் இல்லை. படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேளுங்கள், அதற்கு மேல் ஒரு குழந்தை ஏறினாலும் நீங்கள் இறங்கிவிடுங்கள். உயிர்காப்பு உடுப்பை மடியில் வைக்காமல், பிள்ளைக்கு மாட்டி வார்ப்பூட்டை இழுத்துப் பாருங்கள். தோளைப் பிடித்துத் தூக்கினால் உடுப்பு மட்டும் காதுக்கு மேலே வந்தால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரியது. பொழுது சாய்ந்த பிறகு ஏறவே வேண்டாம். கேரளத்துத் தானூரில் 2023 மே 7 அன்று ஆறு கடலில் சேரும் இடத்தில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். இருட்டு நேரம், அளவுக்கு மீறிய ஆள். கடலோரக் காவல்படையின் எண் 1554, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தொண்டிக்கரை தம்பிக்கு: இப்படிப்பட்ட ஆற்றில் நானும் போயிருக்கிறேன். கல்கத்தாவுக்குப் போகும் ஹூக்ளி ஆற்றில் மணல் ஓயாமல் நகரும். பலாரி, ஆக்லாண்ட் என்று ஒவ்வொரு திட்டுக்கும் பெயர் உண்டு. அளவைப் படகுகள் ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும். இன்ன நாளில் எவ்வளவு ஆழம் கொள்ளும் கப்பல் வரலாம் என்று துறைமுகம் நாள்வாரியாகச் சொல்லும். ஆற்றில் வழிகாட்டும் பைலட் இல்லாமல் ஒரு கப்பலும் ஏறாது. அளப்பவனுக்கு அதுவே வேலை, தப்பானால் அவன் பதில் சொல்ல வேண்டும். ஆர்வத்தில் இறங்கி அளக்கும் இரண்டு பேரிடம் அந்தப் பொறுப்பை எப்படி வைப்பது? என் அச்சம் அதுதான்.

தொண்டிக்கரை:
ஐயா, நீங்களே என் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். ஹூக்ளியில் தினமும் அளந்து, தேதி போட்டுச் சொல்கிறார்கள். நான் மாதம் இரண்டு தடவைதான் கேட்கிறேன். அங்கே துறைமுகம் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. இங்கே இருபது படகுக்கு யார் அளவைப் படகு அனுப்புவார்கள்? மனு கொடுப்போம், கொடுத்துக்கொண்டே இருப்போம். மனு நடக்கும்வரை படகு நிற்காது. நடுராத்திரி திரும்பி வருகிறவனிடம் 'முன்தலையில் ஆள் நிறுத்திக் கம்பு போடு' என்கிறீர்கள். பல படகில் இரண்டே பேர். வற்றத்தில் தண்ணீர் வெளியே பாயும்போது எதிரே கடல்காற்று அடித்தால், வாயில் அலை நிமிர்ந்து நிற்கும். அந்த நேரம் முன்தலையில் நிற்கிறவன்தான் முதலில் விழுவான். எங்கள் பெரியவர் விழுந்ததும் அங்கிருந்துதான்.

மாலுமி, தேவகோட்டை:
பெரியவர் முன்தலையில் நின்றார் என்பதை நீங்கள் முதலில் சொல்லவில்லை. அப்படியென்றால் அலை நிமிர்ந்த நேரத்தில் ஆள் நிறுத்தச் சொன்னது என் தவறு. திரும்பப் பெறுகிறேன். ஏற்றத்தின் கடைசி மணியில் கடப்பதுதான் நல்லது, அதற்காக வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கலாம். சர்வே ஆஃப் இந்தியா வருடா வருடம் ஏற்றவற்ற அட்டவணை போடுகிறது. உங்கள் ஊருக்கு நேரடி எண் இருக்காது. ஆனால் ஒரு நாள் பார்த்து வைத்தால், மறுநாள் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும் என்று கணக்கிடலாம்.

எண்ணைப் பற்றிய அச்சம் எனக்குத் தீரவில்லை. செய்வதானால் இப்படிச் செய்யுங்கள். அசையாத ஓர் இடத்தில், பாலத் தூணிலோ படித்துறையிலோ, அடிக்கோடு போட்ட ஒரு கம்பத்தை நடுங்கள். திட்டை அளக்கும் அதே நேரத்தில் கம்பத்தில் எத்தனை அடி நிற்கிறது என்றும் பாருங்கள். 'கம்பத்தில் 4 என்றால் திட்டில் 2' என்று பலகையில் எழுதுங்கள். அப்போது எந்த நேரம் வருபவனும் கம்பத்தைப் பார்த்துக் கழித்துக்கொள்ளலாம். 15 நாள் ஆனால், அளந்தாலும் அளக்காவிட்டாலும், எண்ணை அழித்தே ஆக வேண்டும். ஆற்றில் புதுவெள்ளம் வந்தால் அன்றே அழிக்க வேண்டும். வெற்றுப் பலகையைப் பார்த்தால் பயப்பட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

கோட்டையூர் தம்பி:
கடலுக்குள் இருப்பவனுக்குக் கம்பம் தெரியாதே ஐயா. வெளியிலிருந்து வருகிறவன் வாய்க்குள் நுழைந்த பிறகுதான் பார்ப்பான். பலகையைப் படம் எடுத்துக் குழுவில் போடுவதை என்னிடம் விடுங்கள். 15 நாள் முடிந்ததும் குழுவிலிருந்தும் நானே நீக்கிவிடுகிறேன்.

செஞ்சை மீன்கடை:
படம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாலையில் படகு இறங்கும் முன் மைக்கில் ஒரு தடவை வாசிக்கவும் ஆள் வேண்டும். வீட்டுப் பெண்கள் காதில் விழுந்தால் சோறு கட்டும்போதே சொல்லி அனுப்புவார்கள்.

தொண்டிக்கரை:
நேற்று அமாவாசை. மச்சானும் நானும் இறங்கினோம். தெற்கு வழி அடைத்துவிட்டது, நடுவில் கணுக்கால் தண்ணீர்தான். வடக்கு வழியில் மிகக் குறைந்த இடம் ஒன்றே முக்கால் அடி. அடி மணல் இளக்கமாக இருக்கிறது, கம்பு அரை அடி உள்ளே இறங்கியது. அதைக் கழித்துத்தான் எழுதியிருக்கிறேன். படித்துறைக் கம்பத்தில் அப்போது மூன்று அடி. பலகையில் தேதி போட்டாயிற்று, தம்பி படம் போட்டுவிட்டார். மாலையில் பள்ளிவாசல் மைக்கில் வாசிக்கவும் ஒத்துக்கொண்டார்கள்.

மாலுமி, தேவகோட்டை:
எத்தனை மணிக்கு அளந்தீர்கள்? படத்தில் நேரம் இல்லை.

தொண்டிக்கரை:
மணி குறித்த சீட்டு மச்சானின் சட்டைப்பையில் இருக்கிறது. பலகையில் விட்டுப்போனது உண்மைதான். இப்போதே போய் எழுதச் சொல்லிவிட்டேன், எழுதியதும் புதுப் படம் வரும். தம்பி, பழைய படத்தை எடுத்துவிடுங்கள்.